எந்த டியூட்டி வீட்டுக்கு ஒத்துவரும்? செவிலியர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் செவிலியருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பகல் டியூட்டி மட்டும் இருக்கிற இடமாப் பார்த்துப் போயிடு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பகல் டியூட்டியிலேயே இருந்துகொண்டு, வாரம் முழுக்கக் குழந்தையை விழித்த முகத்தோடு பார்க்க முடியாதவர்கள் உண்டு. நைட் டியூட்டியே பார்த்துக்கொண்டு, பிள்ளையின் பள்ளி விழா ஒன்றைக்கூட விடாமல் போய் வந்தவர்களும் உண்டு. வார்டு இன்சார்ஜாகப் பல வருடம் டியூட்டி லிஸ்ட் போட்டவள் நான். அடுத்த மாதம் எந்த நாளில் என்ன டியூட்டி என்று முன்கூட்டியே தெரிகிறதா, தெரிந்தது மாறாமல் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் வேலை நேரத்தின் நீளத்தைவிட ஒரு வீட்டை அதிகம் பாதிக்கின்றன என்பது அந்த வருடங்களில் நான் பார்த்தது. இந்த ஒப்பீட்டையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் ஏறக்குறைய 2.98 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள். 85 சதவீதம் பேர் பெண்கள். அதனால் பேச்சு இயல்பாகவே அம்மாக்களைச் சுற்றிப் போகிறது. மீதி 15 சதவீதம் ஆண்களுக்கும் குழந்தை உண்டு, படுத்த படுக்கையாக அப்பா உண்டு. இங்கே சொல்வதெல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சுழற்சி முறை: எல்லோரும் பயப்படுவது நைட்டுக்கு, வீட்டைப் பிரிப்பது ஈவ்னிங்

மார்னிங், ஈவ்னிங், நைட் என்று 8 மணி நேரமாக மூன்று ஷிஃப்ட் சுற்றிவரும் முறைதான் பெரும்பாலோர் ஆரம்பிக்கும் இடம். ஒரு ஷிஃப்ட் முடிந்தால் உடம்பில் இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். அன்றைக்கே வீட்டில் ஒரு வேலை பார்க்கலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். இது பெரிய நன்மை. 12 மணி நேர டியூட்டிக்கு மாறிய பிறகுதான் பலருக்கு இதன் அருமை தெரியும்.

இதன் பலவீனம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் நைட்டைக் காட்டுவார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் நான் ஈவ்னிங்கைத்தான் காட்டுவேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். டியூட்டி மதியம் 2 மணிக்கு என்றால் அம்மா 1 மணிக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் அம்மா இல்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரைக் கொடுத்துவிட்டு அவர் வீடு சேரும்போது இரவு 10 ஆகிவிடும், பிள்ளை தூங்கியிருக்கும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பேசும் அரை மணி நேரம்தான் அன்றைய மொத்த உறவு. அப்படி ஐந்து நாள் தொடர்ந்தால்? நைட்டில் இருப்பவராவது பிள்ளை வீட்டுக்கு வரும் நேரத்தில் தூங்கி எழுந்து உட்கார்ந்திருப்பார். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நிலைமை தலைகீழ். குழந்தை காலையிலும் வீட்டில்தான் இருக்கும், அதனால் ஈவ்னிங் ஒத்துவரும். இரவில் பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு நைட்டுக்குப் போவதுதான் கொடுமை. ஆக, "நல்ல ஷிஃப்ட்" எது என்பது பிள்ளையின் வயதோடு மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் இன்சார்ஜிடம் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு இன்றைக்கும் உங்களுக்குத் தேவைதானா என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

சுழற்சியில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. முதலாவது, எந்தத் திசையில் சுற்றுகிறது என்பது. மனித உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்குச் சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். மார்னிங், அப்புறம் ஈவ்னிங், அப்புறம் நைட் என்று முன்னோக்கிப் போகும் லிஸ்ட்டைத் தாங்கலாம். நைட், ஈவ்னிங், மார்னிங் என்று பின்னோக்கி வருவது அடித்துப் போட்டதுபோல் ஆக்கிவிடும்.

இரண்டாவது, ஈவ்னிங் முடித்த கையோடு மறுநாள் மார்னிங். இரவு 9 மணிக்கு முடித்து காலை 7 மணிக்குத் திரும்ப வார்டில் நிற்பது. இடையில் 10 மணி நேரம் இருப்பதாகத் தாளில் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து, 5 மணிக்கு எழுந்து கிளம்பியவரைக் கேட்டால்தான் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று தெரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-ல் செவிலியர்களுக்கென்றே வெளியிட்ட பரிந்துரையில், இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகியும் எத்தனை வார்டுகளில் இது நடக்கிறது என்று கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் நிர்வாகத்திடம் பேசும்போது "எனக்குக் கஷ்டமா இருக்கு மேடம்" என்பதைவிட இந்தப் பரிந்துரையைக் காட்டிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

12 மணி நேரம், வாரம் மூன்று நாள்

இளம் செவிலியர்களுக்கு இதில் ஒரு மோகம் உண்டு. காரணமும் இருக்கிறது. வாரம் மூன்று நாள் வேலை, நான்கு நாள் வீடு. ஐந்து நாள் வேலை என்றால் போக, வர 10 பயணம். மூன்று நாள் என்றால் 6 பயணம். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம் மிச்சம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாலும் மூன்று நாளைக்கு வைத்தால் போதும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் என்று பகலில் போய்த் தீர வேண்டிய வேலைகளுக்கு விடுப்பே எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வேலை நாள் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். காலை 7 முதல் இரவு 7 வரை. ஹேண்டோவருக்கு அரை மணி நேரம். பயணம் சேர்த்தால் காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு வீடு, ஆக பதினாலரை மணி நேரம். 7 மணி நேரம் தூங்கினால் மிச்சம் இரண்டரை மணி நேரம். குளிப்பதும் சாப்பிடுவதும் அதற்குள்தான். அந்த நாளில் நீங்கள் வீட்டில் இல்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொரு பெரியவர் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள முடிந்தால்தான் இந்த முறை நடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று நாளும் தொடர்ச்சியாக வந்தால் நான்காவது நாள் ஓய்வு நாள் என்று லிஸ்ட்டில் இருக்கும், உண்மையில் அது விழுந்து கிடக்கும் நாள். ஆக நான்கு நாள் லீவு என்பது மூன்றுதான். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் இடைவெளி, பிறகு ஒரு நாள் என்று பிரித்துக் கேட்டு வாங்கினால் உடம்பு தாங்கும்.

ஆராய்ச்சிகள் இந்த விஷயத்தில் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. 12 ஐரோப்பிய நாடுகளில் 31,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. 12 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களிடம் வேலையால் வரும் மனச்சோர்வும் (பர்ன்அவுட்) வேலையை விட்டுவிடும் எண்ணமும் கூடுதலாக இருந்தன. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் செவிலியர்களே குறிப்பேட்டில் எழுதிவைத்த விவரப்படி, வேலை பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொடும்போது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிறது. 12 மணி நேர ஷிஃப்டில் மாற்று ஆள் அரை மணி நேரம் தாமதமாக வந்தாலே அந்த எல்லைக்கு வந்துவிடுவீர்கள் என்பதைக் கவனியுங்கள். வேடிக்கை என்னவென்றால், 2012-ல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில் தங்கள் டியூட்டி நேரம் திருப்தியாக இருப்பதாக 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் சொன்னார்கள். அதே ஆய்வில் நீண்ட ஷிஃப்ட் பார்த்தவர்களிடம் சோர்வும் அதிகமாக இருந்தது. லீவு நாட்களுக்கு ஆசைப்பட்டு உடம்பு தரும் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

என் கணிப்பு: வீட்டில் நம்பிக்கையான துணை இருந்து, ஆஸ்பத்திரி தூரமாக இருந்து, மாற்று ஆள் நேரத்துக்கு வரும் இடமாகவும் இருந்தால் 12 மணி நேரம் நல்ல தேர்வு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் 8 மணி நேரமே மேல்.

நிரந்தர நைட்: லாபமும் கடனும்

சில வீடுகளுக்கு நிரந்தர நைட் கச்சிதமாகப் பொருந்துகிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் எப்போதும் குழந்தையோடு இருக்கலாம். லிஸ்ட் மாறுவதில்லை. கூடுதல் படி கிடைக்கும் இடங்களில் சம்பளமும் கொஞ்சம் தூக்கலாக வரும். கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இரவு ஒரு நல்ல வாத்தியார்: ஆட்கள் குறைவு, டாக்டர் தொலைபேசியில்தான் கிடைப்பார், நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பது நீங்களாகத்தான் இருக்கும்.

விலையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிஃப்ட் வேலையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி பரிசீலித்து அதே பிரிவில் வைத்தது. இதைக் கேட்டுப் பதற வேண்டாம். அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஒரு தனிமனிதருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை அளந்து சொல்வதில்லை. ஆனால் நைட்டை இருபது வருடத் திட்டமாக வைக்காமல், இரண்டு மூன்று வருட ஏற்பாடாக வைத்துக்கொள்ள இது போதுமான காரணம்.

உடனடி ஆபத்து வேறு. காலை 7 மணிக்கு எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பகலில் கண் மூடாமல் வீட்டு வேலை பார்த்துவிட்டு நைட்டுக்கு வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிறது. 17 மணி நேரம் தூங்காதவரின் கவனமும் கைத்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுவதை 1997-ல் ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் குற்றம். இவரோ அந்த நிலையில் நோயாளிக்கு இன்சுலின் டோஸ் எடுக்கிறார், காலையில் வண்டியையும் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அதனால் முதல் நைட்டுக்கு முன்னால் மதியம் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு கதவு சாத்திய அறையும், "அம்மா வேலைக்குப் போகலை, சும்மாதானே படுத்திருக்காங்க" என்று நினைக்காத மனிதர்களும் வேண்டும். நிரந்தர நைட் தோற்றுப்போகும் வீடுகளில் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். பகலில் வீட்டில் இருப்பதால் எல்லா வேலையும் அவர் தலையிலேயே வந்து விழும். இதை வீட்டாரோடு முதலிலேயே பேசி முடிக்காமல் நைட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வார்டை விட்டு வெளியே

ஓபி: ஞாயிறு லீவு, இரவு இல்லை. வேலையில் சலிப்பு சீக்கிரம் வரும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

டயாலிசிஸ் யூனிட்டைப் பலர் யோசித்தே பார்ப்பதில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு கூட்டம். வேலையே இப்படி ஒரு அட்டவணையில் ஓடுவதால் செவிலியரின் டியூட்டியும் அட்டவணைப்படி ஓடுகிறது. முதல் கூட்டத்துக்கு விடியற்காலையிலேயே மெஷினைத் தயார் செய்ய வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் வீட்டுக்கு இடைஞ்சல். வேலைத் திருப்தியும் குறைவில்லை. அதே நோயாளிகளை வருடக்கணக்கில் பார்ப்பீர்கள், அவர்கள் பேத்தியின் பெயர்கூடத் தெரிந்திருக்கும். ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காக நோயாளியின் கையில் இணைத்துவைத்த ரத்தக்குழாய்) கை வைத்து அந்த அதிர்வை உணர்ந்தவுடனேயே இன்றைக்கு எப்படி ஓடும் என்று சொல்லும் அளவுக்குக் கை பழகிவிடும். வீடும் வேண்டும், நோயாளியோடு உறவும் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆபரேஷன் தியேட்டரும் கேத் லேபும் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் இடம்) வெளியிலிருந்து பார்த்தால் பகல் வேலைபோலத் தோன்றும். ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் எந்த நேரத்திலும் ஓடிவர வேண்டிய டியூட்டி, எத்தனை நாள் என்று கேட்காமல் சேர்ந்துவிடாதீர்கள். ஒருவகை மாரடைப்பில், நோயாளி ஆஸ்பத்திரிக்குள் வந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இலக்கு. அப்படியானால் அழைப்பு வந்ததும் நீங்கள் எத்தனை நிமிடத்தில் அங்கே நிற்க வேண்டும் என்று யோசியுங்கள். ஆன்-கால் இரவில் வீட்டில்தான் இருப்பீர்கள், ஆனால் தனியாகக் கைக்குழந்தையோடு இருக்க முடியாது. ஃபோன் அடித்தால் குழந்தையை யாரிடம் கொடுப்பது? கணவரும் வெளியூர் போகும் வேலையில் இருக்கும் வீட்டுக்கு இது சரிப்படாது.

வீட்டுக்கே போய்ப் பார்க்கும் செவிலியர் பணி, சமூக சுகாதாரப் பணி இரண்டிலும் நேரத்தை ஓரளவு நீங்களே வகுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 2006-ல் தொடங்கிய பூர்ட்சோர்க் என்ற அமைப்பில், அதிகபட்சம் 12 செவிலியர்கள் கொண்ட சிறு குழுக்கள் மேலாளர் இல்லாமல் தங்கள் டியூட்டியைத் தாங்களே பிரித்துக்கொள்கின்றன. எல்லா நாட்டிலும் அப்படி இல்லைதான். ஆனால் உங்களுக்கு வேலை தரும் இடத்தில் லிஸ்ட் போடுவதில் செவிலியர்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். வீட்டுப் பணியில் உள்ள சிரமம் தனிமை. நோயாளிக்குத் திடீரென்று மோசமானால் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிஸ்டர் ஓடிவர மாட்டார். வார்டு அனுபவம் போதுமான அளவு இல்லாமல் இதற்குப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

அனுபவம் "போதுமான அளவு" என்றால் எவ்வளவு? அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1980-களில் ஐந்து படிநிலைகளை வகுத்தார். புதியவர், முன்னேறிய தொடக்கநிலை என்ற இரண்டையும் தாண்டி, திறமையானவர் என்ற மூன்றாம் படிக்கு வர ஒரேமாதிரியான சூழலில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பது அவர் கணக்கு. படிப்பு முடித்தவுடன் வீட்டுக்கு வசதி என்று ஒரு சுலபமான இடத்தில் போய் உட்கார்ந்தால், பின்னால் கேட்டு வாங்கும் பலமே இல்லாமல் போய்விடும். முதல் மூன்று வருடம் பிஸியான வார்டிலோ ஐசியூவிலோ கழித்தவருக்கு இன்சார்ஜ் வளைந்து கொடுப்பார். அவரை இழக்க மனம் வராது. இது நியாயமா என்று கேட்காதீர்கள், நடப்பு அப்படித்தான்.

கற்பித்தல், தொற்றுக் கட்டுப்பாடு, தரப் பிரிவு

இவை மூன்றும் அலுவலக நேர வேலைகள். நர்சிங் கல்லூரியில் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கும் வரும், மாணவர்களோடு வார்டுக்கும் போக வேண்டும். ஆனாலும் விடுமுறை நாட்கள் பிள்ளைகளின் விடுமுறையோடு ஓரளவு ஒத்துப்போகும். மேல்படிப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது, அந்தப் படிப்பை எப்போது படிப்பது என்பதுதான் கேள்வி. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் முடித்தவர்களுக்கு இது சுலபம். அதற்கு வாய்க்காதவர்கள், பிள்ளை பள்ளி சேர்ந்த பிறகு படிப்பதுதான் நடைமுறைக்கு வரும். இடைப்பட்ட வருடங்களில் புத்தகத்தைத் திறப்பதற்குள் யாராவது அழுவார்கள்.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் வேலையை நான் தனியாகச் சொல்லக் காரணம், வார்டில் பழகிய கண் அங்கே வீணாவதில்லை. சிறுநீர்க் குழாய் எத்தனை நாளாக இருக்கிறது, யார் கை கழுவாமல் அடுத்த படுக்கைக்குப் போகிறார் என்று கவனித்துச் சொல்வதற்குச் சம்பளம். 250 படுக்கைக்கு ஒருவர் வேண்டும் என்ற விகிதம் 1970-களில் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் கணக்குப்படி பெரிய ஆஸ்பத்திரியில்கூட இரண்டு மூன்று இடங்கள்தான் இருக்கும். காத்திருக்க வேண்டும். ஆனால் கிடைத்தால் விடக் கூடாத இடம்.

ஆஸ்பத்திரியின் சேவைத் தரத்தைக் கண்காணிக்கும் தரப் பிரிவு எனக்குப் பிடித்ததில்லை. ஃபைல் வேலை. பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பகுதி நேரமா, முழு இடைவெளியா

வேலையை விட்டுவிட்டுச் சில வருடம் கழித்துத் திரும்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். பிரிட்டனில் பதிவைப் புதுப்பிக்க மூன்று வருடத்தில் 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரத் தொடர் கல்வியும் காட்ட வேண்டும். 450 மணி நேரம் என்பதை வகுத்தால் வாரத்துக்கு 3 மணி நேரம்கூட இல்லை. ஆனால் அதையும் விட்டுவிட்டால் திரும்பும் வழி நீண்டுவிடும். உங்கள் நாட்டுப் பதிவுக் கவுன்சிலின் விதி வேறாக இருக்கலாம். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

விதியைவிடப் பெரிய விஷயம் கை. மருந்துகளின் பெயரும் மெஷின்களும் மாறிவிடும், அதையெல்லாம் ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். மூன்று நோயாளிக்கு ஒரே நேரத்தில் ஏதோ ஆகும்போது யாரை முதலில் பார்ப்பது என்று யோசிக்காமலே கால் போகும் அந்தப் பழக்கம்தான் மங்கிவிடும், திரும்ப வருவதற்கும் நாளாகும். அதனால் வாரம் ஒன்றிரண்டு நாளாவது வேலையில் இருப்பது, முழு இடைவெளியைவிட ஏறக்குறைய எல்லோருக்கும் நல்லது என்பது என் எண்ணம். விதிவிலக்கு: சிக்கலான கர்ப்பம், விசேஷக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை, கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெற்றோர். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை, விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள்.

பகுதி நேரத்திலும் ஒரு பொறி உண்டு. அரைச் சம்பளத்துக்கு முக்கால் வேலை வாங்குவார்கள். ஹேண்டோவர், மீட்டிங், கட்டாயப் பயிற்சி எல்லாம் முழு நேரக்காரர் அளவுக்கே வரும். "நாளைக்கு நீங்க ஃப்ரீதானே சிஸ்டர்" என்று ஃபோன் வரும். ஒருமுறை சரி என்றால் அடுத்த முறையும் உங்களுக்குத்தான் வரும். எந்தெந்தக் கிழமை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஃபோன் வந்தால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இன்சார்ஜிடம் எப்படிக் கேட்பது

டியூட்டி லிஸ்ட் போடும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கணக்கைச் சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு இடத்தை இரவு பகலாக நிரப்ப 4.2 பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்தால் 5 பேருக்குக் குறையாது. லிஸ்ட் போட உட்காரும் நாளில் மேஜை மேல் துண்டுச் சீட்டுகள் குவிந்துகிடக்கும்: "12-ம் தேதி பிள்ளைக்கு ஊசி, ஆஃப் வேண்டும்", "இந்த மாதம் நைட் வேண்டாம் மேடம், ப்ளீஸ்", "எப்போதும் மார்னிங் கொடுத்தால் நல்லது". பென்சிலால் எழுதி அழித்து எழுதி, கடைசியில் சனிக்கிழமை நைட் கட்டம் ஒன்று காலியாக நிற்கும். அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதினாலும் ஒரு வீட்டில் சண்டை வரும். இது தெரிந்தவர் "எப்போதும் மார்னிங்" என்று கேட்க மாட்டார்.

என்னிடம் கேட்டு வாங்கிப் போனவர்கள் கேட்ட விதம் வேறு. "செவ்வாயும் வியாழனும் ஈவ்னிங் மட்டும் வேண்டாம், மகளை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகணும். அதுக்குப் பதிலா மாசத்தில் இரண்டு ஞாயிறு நான் வரேன்." இப்படிக் கேட்டால் மறுப்பது கடினம், ஏனென்றால் காலியாக நிற்கும் கட்டம் ஒன்று நிரம்புகிறது. எத்தனை மாதத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. முடிவு தேதி இல்லாத சலுகையைத்தான் சக ஊழியர்கள் முணுமுணுப்பார்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சலுகை கேட்கக் கூச்சமே வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு தாய்மைப் பாதுகாப்பு உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பையும், பாலூட்ட தினமும் ஊதியத்தோடு இடைவேளையையும் சொல்கிறது. இரவு வேலை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவச் சான்று இருந்தால் நைட் போடக் கூடாது என்பது அதோடு வந்த பரிந்துரையில் இருக்கிறது. உங்கள் நாடு அந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா, உள்ளூர்ச் சட்டம் அதைவிடத் தாராளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புது இடத்தில் நேர்காணலுக்குப் போனால் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில. டியூட்டி லிஸ்ட் எத்தனை வாரம் முன்னால் வரும்? வந்த பிறகு எத்தனை முறை மாறும்? மாற்று ஆள் வராவிட்டால் யார் நிற்பது, டபுள் டியூட்டி கட்டாயமா? நைட்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி? கடைசிக் கேள்வி மிக முக்கியம். 9 ஐரோப்பிய நாடுகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2004 முதல் இந்த எண்ணிக்கைக்குச் சட்டமே இருக்கிறது. ஐசியூவில் ஒருவருக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கிடையாது. ஆள் போதாத வார்டில் எந்த ஷிஃப்டும் நேரத்துக்கு முடியாது. அங்கே 8 மணி நேரம் என்பது ஒன்பதரை, லீவு என்பது ஃபோன் வரும் வரைக்கும். முடிந்தால், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர்கள் அந்த வார்டில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று அங்கே வேலை பார்ப்பவரிடம் தனியாக விசாரியுங்கள். நேர்காணல் அறையில் கிடைக்காத பதில் கேன்டீனில் கிடைக்கும்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு: பகுதி நேரம், அல்லது ஈவ்னிங் அதிகமாக வரும் 8 மணி நேர டியூட்டி. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் டயாலிசிஸ் மாதிரி அட்டவணை மாறாத யூனிட். அது இல்லாவிட்டால் துணை உள்ள வீட்டில் 12 மணி நேரம், அதுவும் இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு மட்டும் நிரந்தர நைட். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு ஆன்-கால் உள்ள எதுவும் வேண்டாம். பிள்ளைகள் பதின்ம வயதைத் தொட்டபின் வீடு கொஞ்சம் விடும். மேல்படிப்பு, ஐசியூ, இன்சார்ஜ் பொறுப்பு என்று தள்ளிவைத்த ஆசைகளுக்கு அதுதான் நேரம். அந்தச் சமயம் பார்த்து வீட்டுப் பெரியவர் ஒருவர் படுத்துவிடுவதும் நடக்கும். அப்போது வேண்டியது பகலில் கிடைக்கும் முழு நாட்கள், ஏனென்றால் டாக்டரைப் பார்ப்பதும் ஸ்கேன் எடுப்பதும் பகலில்தான். 12 மணி நேர டியூட்டி மறுபடி பொருத்தமாகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் வேலையை மாற்றாமல், இருக்கும் வார்டிலேயே லிஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். மூன்று மாதம் போதும். எத்தனை நாள் லிஸ்ட்டில் போட்டபடியே நடந்தது, எத்தனை நாள் தாமதமாக வெளியே வந்தீர்கள் என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இன்சார்ஜிடம் அடுத்த முறை பேச உட்காரும்போது அந்தத் தாளை எடுத்துப் போங்கள். அங்கே பேசிச் சரிவராவிட்டால் புது இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.